தசைவிடு தூது

நுழையும்முன்

உழைத்தால் உடல் உரம் பெறும் என்பது மக்கள் பட்டறிவால் கண்ட உண்மை. உழைப்பு எவ்வாறு உரமாக மாறுகிறது என்னும் வினாவிற்கு அறிவியல் விடை காணத் தொடங்கியது கடந்த நூற்றாண்டில்தான். தசை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் முறையையும், அப்பணியில் தூதாகச் செல்லும் ஒரு சிறு மூலக்கூறு கண்டறியப்பட்ட வரலாற்றையும், அத்தூதைக் குப்பியில் அடைத்து விலைக்கு வாங்க முற்படுவதால் நேரும் தீங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வலி உணர்த்தும் செய்தி

கோடை விடுமுறை முடிந்து கபடிப் பயிற்சிக்குத் திரும்புகிறார் ஒரு மாணவர். முதல்நாள் மாலையில் அவர் உணர்வது களைப்பு மட்டுமே. மறுநாள் காலையில் மாடிப்படிகளில் இறங்கும்போது தொடைகள் வலியெடுக்கின்றன. இரண்டாம் நாளில் அவ்வலி மிகுகிறது. அடுத்த சில நாள்களில் தானே தணிகிறது. அதே பயிற்சியை மறுவாரம் மேற்கொள்ளும்போது அத்துணை வலி தோன்றுவதில்லை.

இவ்வலிக்குத் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வமிலமோ பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மறுநாள் தோன்றும் வலிக்கு அது காரணமாக இயலாது. பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் பணியே வீக்கமாகவும் வலியாகவும் உணரப்படுகிறது. முதலில் வந்து சேரும் வெள்ளணுக்களும் அவற்றைத் தொடர்ந்து வரும் பெருவிழுங்கு செல்களும் சிதைந்த பகுதிகளை அகற்றுகின்றன. இடிந்த சுவரின் கல்லையும் மண்ணையும் அள்ளிய பின்னரே கொத்தனார் புதுச்சுவர் எழுப்புவார். தசையிலும் அவ்வாறே அகற்றும் பணி முந்துகிறது. கட்டும் பணி தொடர்கிறது. கட்டும் பணிக்கு ஆள்களை அழைப்பது யார்? அழைப்பு எவ்வழியில் செல்கிறது?

தூதும் கேட்பவரும்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூது ஒன்று. பிரிவால் வருந்தும் ஒருவர் அன்னம், மயில், கிளி, மேகம், குயில், நெஞ்சு முதலியவற்றுள் ஒன்றைத் தம் நிலையை உரைத்து வருமாறு அனுப்புவதாக அது அமையும். தூதில் விடுப்பவர், செல்பவர், கேட்பவர் என மூவர் உளர். கேட்பவர் இல்லையெனில் தூதால் பயன் விளையாது.

உடலின் செல்களும் தூதினாலேயே ஒன்றோடொன்று உரையாடுகின்றன. ஒரு செல் சுரக்கும் மூலக்கூறு மற்றொரு செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைச் சென்று சேர்கிறது. ஏற்பி அச்செய்தியைச் செல்லின் உள்ளே கடத்துகிறது. ‘பெருகுக’, ‘வளர்க’ என்னும் செய்திகளைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். அமினோ அமிலங்களைச் சங்கிலிபோல் கோத்தமைத்த பெப்டைடுகளாக இவற்றுள் பல அமைகின்றன. தசையின் செப்பனிடலிலும் வளர்ச்சியிலும் பங்குபெறும் பெப்டைடுகளுள் குறிப்பிடத்தக்கது ‘இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி–1’ ஆகும். அது ஐ.ஜி.எஃப்–1 எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது.

உறங்கும் செல்கள்

எலும்புகளோடு இணைந்த தசைகள் மனித உடலில் 600க்கும் மேற்பட்டவை. பல செல்கள் ஒன்றிணைந்து உருவான நீண்ட நார்களால் அவை ஆனவை. ஒரு நாரில் பல உட்கருக்கள் உள்ளன. முதிர்ந்த நாரின் உட்கருக்கள் பிரிந்து பெருகுவதில்லை. அவ்வாறாயின் சிதைந்த நார் எவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது என்பது அறிஞர்களுக்குப் புதிராகவே இருந்தது.

அப்புதிருக்கு 1961ஆம் ஆண்டு ஒரு வழி திறந்தது. நியூயார்க் நகரின் ராக்பெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தசை நாரின் சவ்விற்கும் அதனைச் சூழ்ந்த மெல்லிய உறைக்கும் இடையே சிறு செல்கள் ஒட்டிக்கிடப்பதைக் கண்டார். கோளைச் சுற்றும் துணைக்கோள்போல் நாரின் விளிம்பில் அவை அமைந்திருந்தமையால் ‘துணைக்கோள் செல்கள்’ எனப் பெயரிட்டார். தசையின் மீளுருவாக்கத்தில் இவற்றிற்குப் பங்கு இருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தை மெய்ப்பித்தன.

இயல்பான நாள்களில் இச்செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. நார் சிதைந்ததும் விழித்தெழுந்து, பிரிந்து பெருகுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சிதைந்த நாருடன் இணைந்து அதற்குப் புதிய உட்கருக்களைத் தருகின்றன. சில, தமக்குள் ஒன்றிணைந்து புதிய நாராகின்றன. எஞ்சிய சில மீண்டும் உறக்கத்திற்குத் திரும்புகின்றன. விதைநெல்லை உண்டு தீர்க்காமல் அடுத்த பருவத்திற்கு எடுத்து வைக்கும் உழவரைப் போலத் தசையும் தன் இருப்பைக் காத்துக்கொள்கிறது.

இடையில் நின்ற தூதுவர்

ஐ.ஜி.எஃப்–1 முதன்முதலில் அறியப்பட்டது தசையாய்வில் அன்று, குருத்தெலும்பாய்வில்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சால்மன், வில்லியம் டாகடே ஆகிய இருவரும் வளர்ச்சி ஹார்மோனைக் குறித்து ஆராய்ந்தனர். பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் இந்த ஹார்மோனே எலும்பை நேரடியாக வளர்க்கிறது என்பது அக்காலத்துக் கருத்து. ஆய்வுக்கலத்திலிருந்த எலியின் குருத்தெலும்பில் அவர்கள் வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகச் சேர்த்தனர். எதிர்பார்த்த விளைவு தோன்றவில்லை. இயல்பான எலியின் சீரத்தைச் சேர்த்தபோதோ குருத்தெலும்பு செயலூக்கம் பெற்றது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலியின் சீரம் அவ்வூக்கத்தைத் தரவில்லை. அந்த எலிக்கு வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்திய பின்னர் எடுக்கப்பட்ட சீரம் மீண்டும் ஊக்கம் தந்தது.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்பட்டது. வளர்ச்சி ஹார்மோன் தானே சென்று குருத்தெலும்பைத் தூண்டவில்லை. உடலுக்குள் மற்றொரு பொருளைத் தோற்றுவித்து, அதன் வழியே தூண்டுகிறது. 1957இல் வெளியான இம்முடிவு, இடையில் ஒரு தூதுவர் இருப்பதை உலகிற்கு உணர்த்தியது.

அதே பொருளைச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் வேறொரு வழியில் அணுகினர். இரத்தச் சீரத்திலுள்ள இன்சுலினைச் செயலிழக்கச் செய்த பின்னரும் இன்சுலினை ஒத்த செயல் எஞ்சி நிற்பதை அவர்கள் கண்டனர். அச்செயலுக்குரிய பொருளைப் பிரித்தெடுத்த ரிண்டர்க்னெக்ட், ஹம்பெல் ஆகியோர் 1978இல் அதன் அமினோ அமில வரிசையை வெளியிட்டனர். 70 அமினோ அமிலங்களாலான ஒற்றைச் சங்கிலி அது. இரு சங்கிலிகளில் 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இன்சுலினோடு அது நெருங்கிய ஒப்புமை உடையது. இருவேறு தேடல்களும் ஒரே பொருளில் வந்து முடிந்தன. ‘இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி’ என்னும் பெயர் நிலைபெற்றது.

தெரிந்து தெளிவோம்

வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்தமைக்காக 1986ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ரீட்டா லெவி–மோன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. இத்தாலியில் 1938இல் பிறப்பிக்கப்பட்ட இனவெறிச் சட்டங்களால், யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட்டா பல்கலைக்கழகப் பணியை இழந்தார். அவர் மனம் தளரவில்லை. டூரின் நகரில் தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக்கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். போருக்குப் பின்னர் செயின்ட் லூயி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் தொடர்ந்த ஆய்வே நரம்பு வளர்ச்சிக் காரணியின் கண்டுபிடிப்பிற்கு வழிவகுத்தது.

தசையே விடுக்கும் தூது

இரத்தத்தில் சுழலும் ஐ.ஜி.எஃப்–1இன் பெரும்பகுதி கல்லீரலில் உருவாகிறது. எனவே கல்லீரலிலிருந்து வரும் தூதே உடலை வளர்க்கிறது எனக் கருதப்பட்டது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. கல்லீரலில் மட்டும் இக்காரணி உருவாகாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. ஆயினும் அவை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தன. ஒவ்வொரு திசுவும் தனக்குத் தேவையான தூதைத் தானே உருவாக்கிக்கொள்ளவும் வல்லது என்பது இதனால் புலனாயிற்று.

தசையும் அத்தகையதே. பாரம் ஏறும்போதும் நார் சிதையும்போதும் அது தன்னிடத்திலேயே ஐ.ஜி.எஃப்–1ஐ உருவாக்குகிறது. சிதைவை அகற்ற வந்த பெருவிழுங்கு செல்களும் அதனைச் சுரக்கின்றன. இத்தூதைக் கேட்ட துணைக்கோள் செல்கள் பெருகுகின்றன. பின்னர் நாருடன் இணைகின்றன. நாரினுள் புரத ஆக்கம் விரைவுபடுகிறது. புரதச் சிதைவு குறைகிறது. நார் பருத்து வலுப்பெறுகிறது.

இலண்டனில் ஆய்வு செய்த ஜெஃப்ரி கோல்ட்ஸ்பிங்க் குழுவினர் 1996இல் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். முயலின் கால் தசையை நீட்சிக்கு உள்ளாக்கியபோது, ஐ.ஜி.எஃப்–1 மரபணுவின் செய்தி சற்றே வேறுபட்ட வடிவில் தொகுக்கப்படுவதை அவர்கள் கண்டனர். அதன் முதன்மைப் பகுதி மாறவில்லை; வால் பகுதி மட்டும் மாறியிருந்தது. இயக்கவிசையால் தூண்டப்படுவதால் இவ்வடிவம் பின்னர் ‘இயக்கவிசை வளர்ச்சிக் காரணி’ எனப் பெயர் பெற்றது. இதன் வால்பகுதி தனித்து நின்று துணைக்கோள் செல்களை எழுப்புகிறது என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த சில ஆய்வுகளில் அவ்விளைவு காணப்படவில்லை. எனவே அக்கருத்து இன்றளவும் உறுதிப்படவில்லை.

தசையின் வளர்ச்சிக்கு ஒரு தூது மட்டுமே காரணம் என எண்ணுவதும் பொருந்தாது. தசையில் இத்தூதின் ஏற்பி செயலிழந்த சுண்டெலிகளிலும் பாரம் ஏற்றப்பட்ட தசை பருத்ததை 2008இல் ஆய்வாளர்கள் கண்டனர். வளர்ச்சியைத் தூண்டும் காரணிகள் இருப்பதுபோலவே தடுக்கும் காரணிகளும் உண்டு. 1997இல் அறிவிக்கப்பட்ட மயோஸ்டாட்டின் அத்தகைய தடுப்பான்களுள் ஒன்று. பல குரல்கள் இணைந்த இசைபோலவே தசையின் வளர்ச்சி நிகழ்கிறது.

மருந்தாகும் தூது

இத்தூது இயல்பாக உருவாகாத மாந்தரும் உளர். இஸ்ரேல் நாட்டு மருத்துவர் ஸ்வி லாரோன் 1966இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களது இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாக இருந்தும் அவர்கள் வளரவில்லை. வளர்ச்சி ஹார்மோனைக் கேட்கவேண்டிய ஏற்பி பழுதுபட்டமையால் ஐ.ஜி.எஃப்–1 போதிய அளவில் உருவாகாததே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தூது சென்றும் கேட்பவர் இல்லாத நிலை அது. இத்தகைய குழந்தைகளுக்காகச் செயற்கை முறையில் தயாரிக்கப்பட்ட ஐ.ஜி.எஃப்–1 மருந்திற்கு 2005இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அம்மருந்தின் பயன்பாட்டு நெறிகள் கருதத்தக்கவை. உணவு உண்பதற்குச் சற்று முன்னரோ பின்னரோ, 20 நிமிடங்களுக்குள் அதனைச் செலுத்த வேண்டும். உணவு உண்ண இயலாத வேளையில் செலுத்துதல் கூடாது. இன்சுலினை ஒத்திருப்பதால் இரத்தச் சர்க்கரையை அது ஆபத்தான அளவிற்குக் குறைத்துவிடக்கூடும். புற்றுநோய் உள்ளவர்க்கோ அந்நோய் இருப்பதாக ஐயுறப்படுவோர்க்கோ அதனைத் தருதல் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில், தேவையுள்ளோர்க்கு, அளந்து தரும்போதே இத்தனை எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன.

‘பெருகுக’ என்னும் செய்தியை நல்ல செல்களும் கேட்கும். நோயுற்ற செல்களும் கேட்கும். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் லாரோன் குறைபாடு உடைய ஏறத்தாழ நூறு பேரை 22 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களுள் ஒருவருக்கு மட்டுமே புற்றுநோய் ஏற்பட்டது. அவரும் அதனால் இறக்கவில்லை. அக்குறைபாடு இல்லாத அவர்களுடைய உறவினர்களிடையே புற்றுநோய் 17 விழுக்காடாக இருந்தது. இதற்கு எதிர்நிலையும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனும் ஐ.ஜி.எஃப்–1உம் நெடுங்காலம் மிகுந்திருக்கும் அக்ரோமெகாலி என்னும் நோயில் கைகால்கள், தாடை ஆகியன பெருக்கின்றன, இதயமும் பருத்து நலிவுறுகிறது, நீரிழிவும் தோன்றுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்னும் முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று அரிது.

குப்பியில் அடைத்த வாக்குறுதி

1998இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லீ ஸ்வீனி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தீங்கற்றதாக மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் வழியே ஐ.ஜி.எஃப்–1 மரபணுவைச் சுண்டெலியின் தசைக்குள் செலுத்தினர். இளஞ்சுண்டெலிகளின் தசை நிறை சராசரியாக 15 விழுக்காடும் வலிமை 14 விழுக்காடும் உயர்ந்தன. முதிய சுண்டெலிகளில், செலுத்தப்படாத தசைகளைவிடச் செலுத்தப்பட்ட தசைகளின் வலிமை 27 விழுக்காடு மிகுந்திருந்தது. முதுமையால் நலிவோர்க்கும் தசைச் சிதைவு நோயால் துன்புறும் குழந்தைகளுக்கும் உதவுவதே அக்குழுவினரின் நோக்கம்.

செய்தி பரவியதும் நோயாளிகள் மட்டுமின்றி விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் ஸ்வீனியை நாடினர். பள்ளி அணி ஒன்றின் பயிற்சியாளரும் தம் மாணவர்களுக்கு அதனைச் செலுத்துமாறு வேண்டினார். மனிதரிடம் அதன் பாதுகாப்பு உறுதிப்படவில்லை என்று ஸ்வீனி விளக்கியும் வேண்டுகோள்கள் ஓயவில்லை. நோயுற்ற குழந்தையை நடக்கச்செய்யும் பொருட்டுத் தொடங்கிய ஆய்வு, நலமுள்ள குழந்தையை ஆபத்தில் தள்ளக்கூடிய ஆசைக்கும் வித்தாயிற்று.

அவ்வாசை இன்று சந்தையாக வளர்ந்துள்ளது. ஐ.ஜி.எஃப்–1 என்றும் இயக்கவிசை வளர்ச்சிக் காரணி என்றும் பெயரிடப்பட்ட குப்பிகள், ‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்னும் குறிப்புடன் இணையவழியில் விற்கப்படுகின்றன. குப்பிக்குள் இருப்பது யாது, அதன் அளவு எவ்வளவு, தூய்மை எத்தகையது என்பவற்றை வாங்குபவர் அறிய வழியில்லை. உள்ளிருப்பது மெய்யான பெப்டைடாகவே இருப்பினும் தீங்கு நீங்காது. தசை விடுக்கும் தூது சிதைந்த நாரின் அருகே, சிதைந்த வேளையில், தேவைப்படும் அளவில் பிறக்கிறது. ஊசி வழியே செல்லும் தூதோ இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. அழைக்காத இடத்திலும் அது ‘பெருகுக’ என்றே கூறும். இடம், காலம், அளவு ஆகிய மூன்றையும் இழந்த தூது நலம் பயக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

1999இல் தோற்றுவிக்கப்பட்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவ்விரு காரணிகளையும் எக்காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. இந்தியாவிலும் ஊக்கமருந்துத் தடுப்பிற்கெனத் தேசிய முகமை இயங்குகிறது. 2022இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. விதியை மீறும் வீரர் பதக்கத்தை மட்டும் இழப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் களத்தையே இழக்கிறார்.

தூதை வரவழைக்கும் வழி

தசைவிடு தூதை வரவழைக்க விலை கொடுக்க வேண்டுவதில்லை. படிப்படியாக மிகும் பயிற்சி, பயிற்சிகளுக்கு இடையே போதிய ஓய்வு, நிறைவான உணவு, ஆழ்ந்த உறக்கம் ஆகியனவே அதன் வழிகள். வளர்ச்சி ஹார்மோனின் பெருஞ்சுரப்பு இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தின்போது நிகழ்கிறது. உணவின் பங்கு அதனினும் அடிப்படையானது. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்திருப்பினும் ஐ.ஜி.எஃப்–1 குறைந்தே காணப்படுகிறது. உண்ண உணவில்லாத உடல், வளர்க என்னும் ஆணையை நிறுத்தி வைக்கிறது. எனவே குழந்தையின் தட்டில் இடப்படும் பருப்பும் முட்டையும் பசியை மட்டும் தீர்ப்பதில்லை. வளர்ச்சித் தூது பிறப்பதற்கும் துணைபுரிகின்றன.

கபடிக் களத்திலிருந்து வலியோடு வீடு திரும்பிய மாணவர், வலி தணியும் நாள்களில் எதனையும் செய்ததாக உணரமாட்டார். அவர் உண்கிறார், உறங்குகிறார். அவருடைய தசைகளிலோ உறங்கிய செல்கள் விழித்தெழுகின்றன, சிதைந்தவை அகற்றப்படுகின்றன, புதிய நார் உருவாகிறது. மறுவாரம் களமிறங்கும்போது அவருடைய கால்கள் முன்னினும் உறுதி பெற்றிருக்கின்றன. அவ்வுறுதி, அவருடைய உழைப்பும் பொறுமையும் ஈட்டித் தந்த செல்வம் ஆகும்.

சொல் விளக்கம்

ஏற்பி – தூது மூலக்கூற்றை ஏற்றுச் செய்தியைச் செல்லின் உள்ளே கடத்தும் புரதம்
குருத்தெலும்பு – மூட்டுகளிலும் வளரும் எலும்புகளிலும் காணப்படும் நெகிழ்வான இணைப்புத் திசு
சீரம் – இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மம்
பெருவிழுங்கு செல் – சிதைந்த பொருள்களை விழுங்கி அகற்றும் பாதுகாப்புச் செல்
பெப்டைடு – அமினோ அமிலங்கள் இணைந்த சங்கிலி

கற்பவை கற்றபின்

1. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சந்தித்து, காயமுற்ற விளையாட்டு வீரர் பயிற்சிக்குத் திரும்பும்போது பின்பற்ற வேண்டிய நெறிகளைக் கேட்டறிந்து எழுதுக.
2. ‘உடல் வலிமைக்குக் குறுக்குவழி உண்டா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. துணைக்கோள் செல்களை 1961இல் கண்டறிந்து பெயரிட்டவர்
அ) லீ ஸ்வீனி ஆ) அலெக்சாண்டர் மௌரோ இ) ஸ்வி லாரோன் ஈ) ஸ்டான்லி கோஹன்

2. ஐ.ஜி.எஃப்–1இல் உள்ள அமினோ அமிலங்களின் எண்ணிக்கை
அ) 27 ஆ) 51 இ) 70 ஈ) 75

குறுவினா

1. துணைக்கோள் செல்கள் எனப் பெயர் பெற்றமைக்குக் காரணம் யாது?
2. பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமன்று என்பது எவ்வாறு பெறப்படுகிறது?

சிறுவினா

1. வளர்ச்சி ஹார்மோனுக்கும் குருத்தெலும்பிற்கும் இடையே ஒரு தூதுவர் உண்டு என்பதைச் சால்மனும் டாகடேயும் எவ்வாறு நிறுவினர்?
2. ‘தூது சென்றும் கேட்பவர் இல்லாத நிலை’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. இடம், காலம், அளவு ஆகிய மூன்றும் பொருந்தும்போதே வளர்ச்சித் தூது நலம் பயக்கும் என்பதைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் கட்டுரைக்க.